ஆறு மணிக்குத் திறக்கும் குழாய்

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவார் வைத்த பெயர் நாளைக்காரர். எதைப் பேசினாலும் "நாளைக்குப் பாருங்க" என்று முடிப்பார். "ஃபிரிட்ஜ், கதவு, குழாய் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், நெட் வழியா நமக்கும் சேதி சொல்லும்" என்று பத்து வருஷத்துக்கு முன்பே முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து அடித்துச் சொன்னவர். கடைக்காரர் அவருடைய வழுக்கையைப் பார்த்தபடி, "என் கத்தரி பேசுச்சுன்னா, உங்க தலையில வேலையே இல்லைன்னுதான் முதல்ல புகார் சொல்லும்" என்றார். கடையே கைகொட்டிச் சிரித்தது. மனிதர் அசரவில்லை.

அந்தப் பித்து சும்மா வரவில்லை. தனியாக இருந்த ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு ஒரு தடவை ஃபிரிட்ஜ் பார்க்கப் போயிருந்தார். கதவைத் தட்டினார், திறக்கவில்லை. வெளியே போயிருப்பார் என்று திரும்பிவிட்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். முதல் நாள் நம்மாள் தட்டியபோது உள்ளே உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே எண்ணம்தான். தனியாக இருப்பவருக்கு ஒன்று என்றால் வீட்டுச் சாமான்களே தெருவைக் கூப்பிட வேண்டும். குழாய் திறக்கவில்லை என்றால் பத்து வீட்டுக்குச் செய்தி போக வேண்டும். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஓடி வருவார்கள், தெருவே மாறிவிடும் என்று நம்பினார்.

அப்படிச் சேதி சொல்லும் கருவியை முதலில் மாட்டியது தனியாக இருக்கும் தன் அக்கா வீட்டில். குழாய்க்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, வாசல் கதவுக்கு ஒன்று. காலை ஒன்பது வரை எதுவும் அசையாவிட்டால் நாளைக்காரரின் கைப்பேசி அலறும். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போவார். மாட்டிய பிறகு போவது குறைந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் தெரிகிறதே!

இப்போது அவரைத் தூங்கவிடாமல் செய்தது கருவி சொன்ன நல்ல சேதிதான். ஒன்பது நாளாக அக்கா வீட்டுக் குழாய் டாண்ணென்று ஆறு மணிக்குத் திறக்கிறது. ஃபிரிட்ஜ் ஆறு ஐந்துக்கு. அக்காவோ ஆபீஸ் வேலையில் இருந்த காலத்திலேயே ஒரு நாள்கூட நேரத்துக்குப் போகாதவர். ஒரு நாள் ஐந்தரைக்கு எழுவார், ஒரு நாள் எட்டுக்கும் எழ மாட்டார். நாளைக்காரர் கைப்பேசியை வைப்பதும் மறுபடி எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார்.

"ஒழுங்கா எழுந்திரிச்சா சந்தோஷப்படாம, இதுக்கும் ஒரு கவலையா?" என்றாள் மனைவி.

"அவ ஒழுங்கா இருக்காளே, அதான்டி பயமா இருக்கு."

போன் போட்டால் அக்கா குரல் கணீரென்றுதான் இருந்தது. "நல்லாத்தான்டா இருக்கேன். போய் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார். நாளைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா தெருமுனையில் வண்டியை நிறுத்தினார்.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். இவர் பின்னாலேயே ஓடினார். சமையலறையில் அவள் குழாயைத் திறந்து பத்து எண்ணிவிட்டு மூடிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அக்கா எங்கம்மா?"

அவள் உள்ளறையைக் காட்டினாள். கட்டிலில் இடது காலில் மாவுக்கட்டோடு அக்கா.

"காட்டிக் கொடுத்துட்டியா?" என்றார் அக்கா, தையல்காரம்மாவைப் பார்த்து.

"எப்ப விழுந்தே?" என்றார் நாளைக்காரர்.

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமைடா. எழுந்து ரெண்டு அடி வைக்கல, வழுக்கிடுச்சு. போன் மேசை மேல. சரி, ஒன்பது மணிக்குக் கருவி சொல்லும், தம்பி வந்துடுவான்னு கெடந்தேன். பன்னெண்டு மணிக்கு இவதான் தற்செயலா வந்தா."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், எல்லா வீட்டுக்கும் கருவி மாட்ட வேண்டும் என்று நாளைக்காரர் பேசி வெளுத்து வாங்கினார். பேச்சுக்கு நடுவே சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் அமுக்கிவிட்டார். கூட்டம் முடிந்து எடுத்தபோது குழாய் திறந்ததாகக் காட்டியது. லேட்டாக எழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"அன்னிக்குச் சாயங்காலம் நாப்பது வீட்டுக்கு மாட்டச் சொல்லிட்டாங்கன்னு போன்ல குதிச்சியே, சின்னப் புள்ள மாதிரி. அப்ப எப்படிடா சொல்றது? அதான் குழாயைத் திறக்க இவளைப் பிடிச்சேன்."

நாளைக்காரர் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இந்தத் தடவையும் உள்ளே உயிரோடு ஒருத்தி காத்துக் கிடந்திருக்கிறாள், இவர் திரும்பிப் போயிருக்கிறார்.

எட்டு மணிக்குச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "அண்ணே, நாப்பது வீட்டு ஒப்பந்தத்துல நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாமா?"

"சொல்லாதடா" என்று அக்கா சைகை காட்டினார். நாளைக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். அமுக்கிய கைப்பேசியையும் சொன்னார்.



"சார்? இருக்கீங்களா?"

"அண்ணே..." செயலாளரின் குரல் மாறியிருந்தது. "போன மாசம் சோதனைக்குன்னு எங்கம்மா வீட்டுல மாட்டினீங்களே. ரெண்டு வாரமா அங்கயும் குழாய் கரெக்டா ஆறரைக்குத்தான் திறக்குது. நல்லா இருக்காங்கன்னு நானும் போகவே இல்லை."

"இப்பப் போங்க" என்றார் நாளைக்காரர். "போன் பண்ணிக் கேக்காதீங்க சார், நேர்ல போங்க."