தம்பி அருந்திய சிவப்புச் சாறும் சபைத் தேர்தலும்

இக்கட்டுரையில் வரும் சபைத் தேர்தலின்போது நான் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் திருச்சபைச் சேகரத்தின் செயலர் பொறுப்பை முன்னர் வகித்தவன். யார் வீட்டுத் திருமணப் பேச்சாயினும் நடுவில் அமரும்படி என்னை அழைப்பார்கள். என் சொல்லுக்கு ஆம்பூரில் ஒரு மதிப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த மதிப்பை முன்வைத்தே தம்பியைப் பற்றி எழுதுகிறேன். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைப் பெறுவோர், இதை ஒரு தமையனின் பாசமாக மட்டுமன்றிச் சாட்சியாகவும் கொள்ள வேண்டுகிறேன். வயதில் எனக்கு இளையவராயினும், அச்சில் அவரை 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன்.

தம்பி கணியம்பாடியில் பிறந்தார். தந்தையார் அங்கே மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். ஞாயிறுதோறும் பிரசங்கமும் செய்வார். ஓய்வுக்குப் பின் குடும்பத்தோடு ஆம்பூருக்குக் குடிவந்தார். குடி, புகை, வெற்றிலை மூன்றும் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. விருந்தாளி யாரேனும் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தால், தந்தையார் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். அவ்வளவே போதும்.

படிப்பில் தம்பி என்னளவு வரவில்லை. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் எழுத்தராகச் சேர்ந்தார். பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் பிரிவுக்கு மேலாளராக உயர்ந்தார். தொண்ணூறுகளில் கழிவுநீர்ப் பிரச்சினையால் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தபோது அவருக்கு வேலை இல்லை. அதே காலத்தில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தது. அம்மாவைத் தூக்கி நாற்காலியில் அமர்த்துவதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும் தம்பியின் பணியாயிற்று. எனக்குக் கல்லூரி இருந்தது. அம்மாவின் அடக்கம் முடிந்து திரும்பும்போது தம்பி சொன்னார்: "இது எனக்கு வரக்கூடாதுண்ணா. வந்தா சும்மா விடமாட்டேன்."

தொழிற்சாலை மீண்டும் திறந்து சில ஆண்டுகளுக்குப் பின், அங்கே நடந்த மருத்துவ முகாமில் அவர் இரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடியிருப்பது தெரிந்தது. வேலூரில் ஒரு மருத்துவ அம்மையாரிடம் நானே அவரை அழைத்துச் சென்றேன்.

"இன்னும் சர்க்கரை நோய் இல்ல சார். வாசப்படியில நிக்குது," என்றார் அம்மையார். "சோத்தக் கம்மி பண்ணுங்க. தெனம் வேகமா நடங்க. காலையில ஒரு சின்ன டம்ளர், பாதி பீட்ரூட், பாதி கீரை, அரைச்சு அப்படியே குடிங்க."

"பீட்ரூட்டே இனிப்பாச்சே?" என்றேன்.

"அதான் சின்ன டம்ளர்னேன். வடிகட்டி, அதுல சர்க்கரையும் போட்டுக் குடிக்கறதா இருந்தா என்கிட்ட வராதீங்க."

அந்தக் காய்களில் இயற்கையாக உள்ள நைட்ரேட்டைக் கருதியே சொல்வதாக அவர் விளக்கினார். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கிணற்று நீரில் நைட்ரேட் இருக்கலாகாது என்று வகுப்பில் கற்பித்தவன் நான். என் ஐயத்தை வெளிப்படையாகவே கேட்டேன். அது பச்சைக் குழந்தைக்கான எச்சரிக்கை, பெரியவர் காய்கறியாக உண்பது வேறு என்றார். உண்ட நைட்ரேட் இரத்தத்தில் கலந்து மீண்டும் உமிழ்நீரில் சுரக்கிறது. நாக்கில் வாழும் கிருமிகள் அதை மாற்றுகின்றன. அதை விழுங்கியபின் உடலில் அது இரத்தக் குழாய்களை இளகச் செய்கிறது. வேதியியல் சரியாகவே இருந்தது.

"சர்க்கரை கொறையுமாம்மா?" என்று தம்பி கேட்டார்.

"கேரண்டி குடுக்க மாட்டேன். ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு சொல்றாங்க. சர்க்கரைக்கும் உதவலாம், இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒண்ணு மட்டும், மருந்து போட்ட மவுத்வாஷால வாய் கொப்பளிக்காதீங்க. அந்தக் கிருமி செத்துடும், குடிச்சது வீணாயிடும்."

மறுநாள் தொடங்கினார். "மண்ணக் கரைச்சுக் குடிக்கற மாதிரி இருக்குதுண்ணா," என்றார்; ஆனால் விடவில்லை. குடித்த கையோடு நடை. வேலைக்குப் போகும்போதும் நாக்கும் உதடும் சிவந்தே இருக்கும். தொழிற்சாலையில் அவருடைய நெடுநாள் தோழர் ரஹீம் பாய் முதல் நாளே பிடித்துக்கொண்டாராம்.

"இன்னா மேனேஜர் சார், பீடா போட ஆரம்பிச்சுட்டீங்க, தோஸ்துக்கு ஒண்ணு கெடையாதா?"

"பீட்ரூட் பாய்."

"அடப் போங்க சார், பீடான்னாலும் ஒரு சந்தோஷம்!"

அங்கே அது சிரிப்போடு முடிந்தது. சபையில் அப்படி முடியவில்லை. அவ்வாண்டு சேகரச் செயலர் தேர்தலுக்குத் தம்பியின் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. தந்தையாரும் நானும் வகித்த பொறுப்பு அது; தம்பி அதை மனதார விரும்பினார். குடி, புகை, வெற்றிலைப் பழக்கம் உடையவர் கமிட்டிக்கு நிற்கலாகாது என்பது எங்கள் சபையின் பழைய விதி. ஞாயிறு காலை ஆராதனைக்கு அவர் சிவந்த வாயோடு வந்ததை மூத்த உறுப்பினர் ஒருவர் கண்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

"தலைமையாசிரியர் புள்ள வாயப் பாத்தீங்களா? திருவிருந்துக்கு வர்றாரு, வெத்தலையோட," என்று என் காது படவே சொன்னார். அடுத்த வாரத்துக்குள் அது ஆம்பூர் முழுதும் பரவிற்று.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்த அன்றே மருந்துக் கடையில் ஒரு புட்டி மவுத்வாஷ் வாங்கிக்கொண்டு தம்பியின் வீட்டுக்குச் சென்றேன்.

"தேர்தல் வரைக்கும் இதால கொப்பளிச்சுட்டு வா. இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தச் சாற விட்டுடு."

"ஞாயித்துக்கிழமைன்னா சர்க்கரை லீவு போடுமாண்ணா?"

"விளையாடாதடா. அப்பா பேரு இருக்குது."

"அம்மா காலும் இருக்குது," என்றார் தம்பி. புட்டியைத் திறக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நாக்குல இருக்கற கிருமி எனக்காக வேல பாக்குதாம். நீங்க அதப் போய்க் கொல்லச் சொல்றீங்க. ஊர் வாய மூட எத்தன புட்டி வாங்குவீங்க?"

உண்மையைச் சபையில் சொல்லிவிடுகிறேன் என்றார். அதையும் தடுத்தேன். அப்போது அவருடைய மகளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்குக் கால் போயிற்று, தகப்பனுக்கும் சர்க்கரை என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? மௌனமாக விலகிக்கொள்வதே குடும்பத்துக்கு அழகு என்று எடுத்துச் சொன்னேன்.

தேர்தல் நாளன்று பொதுக்கூட்டத்தில் அந்த மூத்த உறுப்பினர் எழுந்து, விதியை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலையும் அவர் சாறு குடித்திருந்தார். எழுந்து நின்றார்.

"வெத்தல இல்லீங்க. பீட்ரூட்டு."

கூட்டம் சிரித்தது. "இன்னிக்கு பீட்ரூட்டு, நாளைக்கு மாதுளம்பழமா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"எனக்கு சர்க்கரை வாசப்படியில நிக்குது. அதுக்குத்தான் குடிக்கறேன்," என்றார் தம்பி. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருங்கண்ணா," என்று கையை விலக்கினார். "எங்க அம்மாவுக்குக் காலெடுத்தது இங்க எல்லாருக்கும் தெரியும். உங்க வீடுங்கள்ல எத்தன பேருக்கு எடுத்தாங்கன்னு எனக்கும் தெரியும். கை தூக்க வேணாம். நாளைக்கும் குடிப்பேன், வாய் செவப்பாத்தான் இருக்கும். போடறவங்க ஓட்டுப் போடுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. போதகர் ஐயா மென்மையாகச் சொன்னார்: "உடல்நிலை காரணமா விலகிக்கறதுன்னா இப்பவும் வழி இருக்குதுப்பா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"விலகல ஐயா. எண்ணுங்க."

எண்ணினார்கள். தம்பிக்குப் பொறுப்புக் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை நம்பாதவர்களும் இருந்தார்கள்; நம்பி, நோயாளிக்கு எதற்குப் பதவி என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். வென்றவருக்கு முதலில் கைகொடுத்தவர் தம்பி. அந்தச் சம்பந்தமும் கைகூடவில்லை. அதைக் கேட்ட மறுநாள் காலையும் நான் போனபோது டம்ளர் கையில் இருந்தது. பின்னர் நாட்றம்பள்ளியில் அமைந்த மருமகன், மாமனாரின் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண் கலங்கியபடி இம்மலரின் அச்சுப் பணி முழுவதையும் ஏற்றவர் அவரே. கூட்டத்தில் சிரித்தவர்களில் சிலர் அடுத்த வாரங்களில் தம்பியைத் தனியே நிறுத்தி, இரத்தம் எங்கே சோதிப்பது, வெறும் வயிற்றிலா என்றெல்லாம் கேட்டார்கள். அவர் இருவரைத் தம் ஸ்கூட்டரிலேயே வேலூருக்கு அழைத்துச் சென்றார்.

கடைசியாகச் செய்த சோதனையிலும் சர்க்கரை அந்த வாசற்படியிலேயே நின்றது, உள்ளே வரவில்லை. இரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. இது சாற்றாலா, நடையாலா, குறைத்த சோற்றாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. தம்பி மூன்றையும் விடவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு வேலைக்குச் செல்லும் வழியில் நெடுஞ்சாலையில் லாரி மோதித் தம்பி விழுந்தார். மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சாலையிலிருந்து அவரைத் தூக்கிச் சென்ற தொழிலாளர்களுக்கும், இரத்தம் கொடுத்துவிட்டுத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலை விட்டு அகலாத ரஹீம் பாய் அவர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்த சபையார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அடக்க ஆராதனையின் இரங்கலுரையிலும், பின்னர் சபையின் மாத இதழிலும், தம்பி உடல்நலக் குறைவு காரணமாகச் செயலர் தேர்தலிலிருந்து பெருந்தன்மையுடன் விலகிக்கொண்டார் என்று கூறப்பட்டது. நல்லெண்ணத்தோடுதான் கூறினார்கள். ஆனால் அது தவறு. தம்பி விலகவில்லை. போட்டியிட்டார், தோற்றார்.