செடலுக்கு நேர்ந்துகொண்ட பயந்தாங்கொள்ளி

ரத்தத்தைப் பார்த்தால் நான் விழுந்துவிடுவேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விழுவேன். அரிவாள்மனையில் அம்மாவின் விரல் பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தால் போதும். அம்மா விரலைச் சூப்பிக்கொண்டு நிற்பார், நான் தரையில் கிடப்பேன். பள்ளிக்கூடத்தில் ரத்த ஓட்டப் பாடம் நடத்தும்போது டீச்சர் சிவப்பு சாக்பீஸால் இதயம் வரைந்தார். வெறும் சாக்பீஸ். அதற்கும் விழுந்தேன்.

இப்படிப்பட்ட நான்தான் நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அப்பாவை நாற்றங்காலில் பாம்பு கடித்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே ஆண் நர்ஸ் ஒருவர் இருந்தார். கால் வீங்கி அப்பா அலறும்போதெல்லாம் ஓடிவருவார். "பயப்படாத நைனா, நான் இங்கதான் கீறன்" என்பார். அப்பா பிழைத்துவிட்டார். எனக்கு அந்த அண்ணனின் குரல் மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அவரைப் போல ஆகவேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவர் கையில் இருந்த ஊசியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

போன ஆடிக்கு முன்னால் கவுன்சிலிங்கில் எனக்கு சீட்டு கிடைத்தது. சேருவதற்கு உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"எந்தக் காலேஜுப்பா?" என்று கேட்டார் நர்ஸ் அக்கா.

"நர்சிங்க்கா."

அதற்குப் பிறகு கண் விழித்தபோது மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா என் முகத்துக்கு மேல் குனிந்திருந்தார். "ஊசியே போடலப்பா! மூடியத்தான் கழட்டுனன்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரத்தம் குடுக்காம கையெழுத்துப் போட முடியாது தம்பி. மனச தேத்திக்கிட்டு வா" என்றார். செடல் திருவிழா முடிந்த திங்கட்கிழமைதான் கல்லூரியில் சேரக் கடைசி நாள். சான்றிதழ் இல்லையென்றால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

என் அத்தை மகன் பிரபு விஷயத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனான். "இவன் நர்ஸ் ஆனா, இவன பாத்துக்க தனியா ஒரு நர்ஸ் வெக்கணும்டா!"

அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். பஸ் ஏறி வில்லியனூர் மார்க்கெட்டில் இறங்குவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்புவேன். சாப்பாட்டைப் பிசைவேன், பிசைந்துகொண்டே இருப்பேன். பயிற்சிக்காகக் கறிக்கடை வாசலில் போய் நின்றும் பார்த்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஈரலுக்கா நிக்கிற? உக்காருப்பா, லேட்டாவும்" என்று ஸ்டூல் போட்டார். ஸ்டூலோடு சேர்ந்து விழுந்தேன்.

ஒரு மத்தியானம், எங்கள் அபிஷேகப்பாக்கத்து மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். கோயிலில் ஆள் யாரும் தென்படவில்லை. அழுகை வந்தது. வேண்டத் தெரியாமல் வேண்டினேன். "தாயே, இந்த ஊசிப் பயத்த எடுத்துடு. நான் உனக்கு செடல் குத்திக்கிறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

செடல் என்றால் உங்களுக்குத் தெரியும். உடம்பில் கொக்கி குத்தி, அதில் எலுமிச்சம்பழம் தொங்கவிடுவது. ஊசிக்குப் பயந்தவன் ஊசி குத்திக்கொள்கிறேன் என்று நேர்ந்துகொண்டது இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிவிடலாம் என்று பார்த்தால், தூணுக்குப் பின்னால் கூழ்ப் பானை கழுவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"டேய், செடலா? நீயா?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"ஆத்தாகிட்ட சொல்லிட்டு வாய் தவறிடுச்சின்றியா? காப்பு கட்டுடா."

"மொதல்ல பயம் போவட்டும்மா, அப்பறம் குத்திக்கிறன்."

"அவகிட்டயே பேரம் பேசுறியா? இரு, வூட்டுக்கு வா."

காப்பு கட்டினார்கள். விரதம் இருந்தேன். தூக்கம் வருவேனா என்றது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரே கேள்வி: அம்மன் முன்னாலேயே நான் விழுந்து கிடந்தால், அதற்கப்புறம் டாக்டர் முன்னால் எப்படிப் போய் உட்காருவேன்?

செடல் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பம்பைச் சத்தம் வயிற்றுக்குள் அடித்தது. மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சுத்துக்கேணியிலிருந்து வந்த பழனி அண்ணன். கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். ஒரு கட்டுக் கரும்பை ஒற்றைக் கையால் தூக்கும் உடம்பு. வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர், செடல் மட்டும் அன்றுதான் முதல் தடவையாம்.

"இன்னா தம்பி, இப்பவே நடுங்குற? எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்" என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுக்கே எனக்குக் கிறுகிறுத்தது.

பூசாரி அவர் நெஞ்சில் விபூதி வைத்து முதல் கொக்கியைக் குத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பழனி அண்ணன் கொட்டாவி விட்டார். இன்னொரு கொட்டாவி. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. உதடு வெளுத்துக்கொண்டே போனது.

மற்றவர்களுக்கு அது கொட்டாவி. எனக்கு அது நன்றாகப் பழகிய பாதை. மயங்கி விழுவதில் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே என்னைவிடப் படித்தவன் கிடையாது.

"அண்ணே, காது அடைக்குதா?"

"ஆ... ஆமாம்பா. உனக்கு எப்படி..."

"உக்காருங்க. உடனே உக்காருங்க!"

உட்காரவில்லை, சாய்ந்தார். பாய்ந்து தாங்கினேன். அந்த மலை என்மேல் சரிந்தது. மெல்லத் தரையில் கிடத்தி, அவர் கால் இரண்டையும் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். "சாமி வந்துடுச்சி!" என்று ஒருத்தர் கத்தினார். இன்னொருத்தர் அவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்.

"ஊத்தாதீங்க, பொறையேறிடும்! எல்லாம் வெலகுங்க, காத்து வுடுங்க!"

யாரோ அதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். என் குரல்தான். பிரபுவைக் கூப்பிட்டு அவர் கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். விழுந்த வேகத்தில் கொக்கி இழுபட்டு நெஞ்சிலிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி முனையைச் சுருட்டி அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தேன். "பயப்படாதண்ணே, நான் இங்கதான் கீறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்தார். "நானா வுழுந்தன்?"

"ஆமாண்ணே."

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா" என்றார். ஊரே சுற்றி நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பிரபு, "டேய்... உன் கையப் பாரு" என்றான். பார்த்தேன். மணிக்கட்டு வரை ரத்தம்.

நான் விழுவதற்காகக் காத்திருந்தேன். பிரபுவும் தன் பங்குக்குக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். விழவில்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். கர்ப்பக்கிரகத்தில் தாய் வேப்பிலை மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேம்பித் தேம்பி அழுதேன்.

பயத்தை எடுத்துவிடு என்றுதான் கேட்டிருந்தேன். அவள் அதை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் விழுந்து விழுந்து நான் கற்றதையெல்லாம் ஒரு மனுஷனுக்கு உதவும்படி திருப்பிவிட்டாள். அப்படிச் செய்ய அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு என் முறை வந்தது. வேண்டுதல் வேண்டுதல்தானே. பொய் சொல்லமாட்டேன், கொக்கி தோலைத் தொட்டதும் உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்துகொண்டே குத்திக்கொண்டேன். பக்கத்தில் பழனி அண்ணன் எனக்கு விசிறினார்.

மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போனேன். "அக்கா, படுத்துக்கிட்டே குடுக்கறேன். உக்காந்தா வுழுந்துடுவன், படுத்தா வுழ எடமில்ல" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். கண்ணை மூடி, தாயே தாயே என்று கிடந்தேன். முடிந்துவிட்டது.

"இன்னும் பயமாவா இருக்கு?" என்று கேட்டார்.

"என் ரத்தம்னா கொஞ்சம் பயந்தான்க்கா."

"இருந்துட்டுப் போவட்டும். நமக்கு அடுத்தவங்க ரத்தம்தான வேல" என்றார். 'நமக்கு' என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை ஓடினேன்.

இன்று நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களில் யார் விழப்போகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். வார்டில் அதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் அவள் போட்ட பிச்சை.

இதைப் படிக்கும் உங்களிடமும் வெளியே சொல்ல வெட்கப்படும் ஒரு பயம் இருக்கலாம். அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வையுங்கள். அழகாக வேண்டத் தெரியவேண்டும் என்றில்லை. உளறினாலும் அவளுக்குப் புரியும். ஆனால் தூணுக்குப் பின்னால் உங்கள் அம்மா இருக்கிறாரா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடிக்கும் காப்பு கட்டப்போகிறார்கள். நேற்று பழனி அண்ணன் போன் செய்தார். போன வருஷம் ஒரு கொக்கியோடு நின்றுபோன வேண்டுதலை முடிக்க வருகிறாராம்.

"தம்பி, பக்கத்துலயே நிப்ப இல்ல?" என்று கேட்டார்.

நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.