வே என்று தொடங்கும் சொல்

கோடை வந்தால் எழுதும் முறையை மாற்றிக்கொள்வேன் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஓரிரு கூட்டங்களில் மைக் பிடித்தும் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணிவரை எழுத வேண்டும், அதற்குப் பிறகு தாளைத் தொடக் கூடாது, மத்தியானம் உடம்பு கிடக்க வேண்டும், மனசு நடக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். விஷயம் என்னவென்றால், திண்டுக்கல்லில் எங்கள் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே கையிலிருந்து வேர்வை ஒழுகி, எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அழிந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை என்பாள் என் மனைவி.

போன கோடையில் இந்த ஏற்பாடும் இல்லாமல் போயிற்று. ஈஸ்டர் ஞாயிறு கழிந்த மூன்றாம் நாள் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்துவிட்டு, மூக்கில் உணவுக் குழாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீடு வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பயிற்சி கொடுக்கிறவர்கள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள். மதினியும் கூடவே வந்தார்.

முன்னறையில் கட்டில் போட்டோம். என் மேசையையும் மாடியிலிருந்து இறக்கி, கட்டிலை ஒட்டிப் போட்டேன். மனைவி வேலைக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் வீட்டில் சும்மா இருக்கும் ஆள் நான்தான். 'எழுதுகிறேன்' என்பதை வேலையாக ஒப்புக்கொள்ளும் சட்டம் எங்கள் குடும்பத்தில் இன்னும் வரவில்லை.

அண்ணன் முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், திருச்சி ரூட். பஸ் ஸ்டாண்டில் அவர் கூவினால் பழனிக்குப் போகிறவன்கூட ஏறி உட்கார்ந்துவிடுவான். என் நாவல் ஒன்றை, தம்பி எழுதினானே என்ற பாவத்துக்காக, நாற்பது பக்கம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான் திருச்சிக்குப் போயி டிரிப்பு முடிச்சுத் திரும்பி வந்துட்டேன். ஒன் ஆளு இன்னும் வாசப்படியில நின்னு வானத்தப் பாத்துக்கிட்டிருக்கான். அவனச் சட்டுனு ஏத்தி விடுறா!"

என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானதை நான் படித்ததில்லை.

அப்பேர்ப்பட்ட வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ரைட்." பஸ்ஸைக் கிளப்ப ஆயிரம் ஆயிரம் தடவை சொன்ன சொல், அது மட்டும் எங்கேயோ தப்பிப் பிழைத்திருந்தது. பசிக்குதா என்றால் ரைட். வலிக்குதா என்றால் ரைட். சாமியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். அவர் ஆமென் சொல்வதற்குள் இவர் ரைட் சொல்லிவிட்டார். விசில்தான் பாக்கி. சாமியார் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வாரத்தில் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவார். "பழகுன சொல்லு தானா வரும் சார். அத வச்சு அவரு ஆமாங்கிறாரா இல்லங்கிறாரான்னு முடிவு பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

இரண்டாவது சொல் வரத் தொடங்கியது சித்திரை நடுவில். "வே…" என்பார். அதற்கு மேல் வராது. கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணில் நீர் கட்டும்.

எழுத்தாளனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு மனிதன் சொல் கிடைக்காமல் தவிக்கலாமா? நான் உடனே களத்தில் இறங்கினேன்.

"வேட்டியா? வேர்க்குதா? வேளாங்கண்ணி போகணுமா?"

"வே…"

"வேடசந்தூரா?"

மதினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வேடசந்தூருல அவுகளுக்கு என்ன தம்பி வேல? அந்த ரூட்டுலயே ஓடுனதில்லயே."

அண்ணன் இடது கையால் கட்டிலை அடித்தார். நான் வேப்பெண்ணெய், வேர்க்கடலை என்று மளிகைக் கடைக்குள் புகுந்தேன். பதினோரு நாள் இப்படியே ஓடியது. பயிற்சிக்கு வரும் பெண் ஒரு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார்.

"சார், அவரே தேடட்டும். நீங்க எடுத்துக் குடுக்கக் குடுக்க அவரு தேடுறத விட்ருவாரு. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க."

எண்ணிப் பார்த்தேன். நான்குக்கு மேல் போக முடியவில்லை. நாற்பது வருஷம் அடுத்தவன் வாயில் வசனம் வைத்தே பிழைத்தவன் வேறு என்ன செய்வான்?

இதற்கிடையில் டாக்டர் மூக்குக் குழாயை நெடுநாள் வைத்திருக்க முடியாது என்றார். சின்னதாக ஓர் அறுவை செய்து வயிற்றிலேயே குழாய் வைத்துவிடலாம், அதுதான் பாதுகாப்பு என்றார். விழுங்குவது சரியாக இல்லாததால், வாய் வழியே கொடுத்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம். ரோட்டில் ஆள் இல்லை. ஃபேன் அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் என் நாவலின் புது அத்தியாயத்தை அண்ணனுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓட முடியாத வாசகர் எனக்குக் கிடைத்தது அப்போதுதான். மதினி குழாயில் ஊற்றப் பாலோடு வந்து நின்றார்.

"வே…" என்றார் அண்ணன். நான் எண்ணினேன். வெயிலின் அசதியோ என்னவோ, அன்று பத்தையும் தாண்டினேன்.

"வே… ணாம்."

மதினி டம்ளரை என் மேசையில் வைத்தார். நான் துள்ளி எழுந்தேன்.

"குழா வேணாமாண்ணே? குழாதானே வேணாம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ரைட்" என்றார்.

மதினி அழுதார். "பாத்தீகளா, அவுக மனசுல என்ன இருக்குன்னு! நீங்க எழுதுறவுக தம்பி. அவுக பேச்சு ஒங்களுக்குத்தான் வெளங்கும்." வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில், ஆபத்தைச் சொல்லியும் நாங்களே மறுத்ததாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். மூக்குக் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். கம்பங்கூழைக் கெட்டியாகக் கரைத்து, தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்திப் பிடித்து அரைக் கரண்டி கொடுப்பேன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்கியதும் "ரைட்" என்பார். அடுத்த அரைக் கரண்டி. ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரம். ஒரு ரைட்டுக்கும் அடுத்த ரைட்டுக்கும் நடுவில் செத்த நேரம் கிடைக்கும். அதில் ஒரு வாக்கியம் எழுதுவேன். சில நாள் பாதி வாக்கியம். எதையும் அவசரப்படுத்த முடியாத அந்த மத்தியானங்களில் எழுதியது மொத்தம் பதினெட்டுப் பக்கம். பிறகு அதைப் படித்த பதிப்பாளர், என் எழுத்தில் முதல் தடவையாக நிதானம் வந்திருக்கிறது என்றார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றும் கேட்டார்.

ஆனி பிறந்த வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கர் கர் என்று சத்தம். டாக்டர் முன்பே சொன்னதுதான். நான்கு நாளில் முடிந்துவிட்டது.

அவர் சொன்னது ஒரே ஒரு வினைச்சொல். எது வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அதை நான் சேர்த்தேன். அன்று அந்த அறையில் குழாய் மட்டுமா இருந்தது? ஃபேன் இருந்தது. பால் இருந்தது, அவருக்குப் பால் பிடிக்காது. நான் வாசித்த அத்தியாயம் இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவருக்கு நாற்பது பக்க அனுபவமும் இருந்தது. இத்தனையில் நான் குழாயைத்தான் பிடித்தேன். குழாய் வேணாம் என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஃபேன் வேணாம் என்பதை எந்தக் கதையில் வைப்பது? அந்த நொடியில் நான் அண்ணனுக்குத் தம்பியாக இருந்தேனா, எழுதுகிறவனாக இருந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன அறுவைக்கு விட்டிருந்தால் இந்நேரம் கட்டிலில் கிடந்து என்னைத் திட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மதினி ஊருக்குக் கிளம்பினார். பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு அவுக கொழாயத்தானே வேணாம்னாக?"

"ஆமா மதினி" என்றேன். "வேற என்னத்தச் சொன்னாரு? அம்புட்டுத் தெளிவாச் சொன்னாருல்ல."

"நீங்க சொன்னாச் சரி" என்றார். பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.