பொன்னிறம் என்றால் எப்படி இருக்கும்?

ரவிக்கை தைக்கக் கொடுக்க அஃப்சருன்னிசாவின் வீட்டுக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வீடு. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்று ஆரம்பிப்பார். அவர்கள் சொன்னதும், தான் காலையில் செய்ததைச் சொல்வார். சொல்வதோடு விடமாட்டார். படியிறங்கும்போது வந்தவர் கையில் ஒரு கிண்ணம் தால்ச்சாவாவது இருக்கும்.

அப்படி வந்த ஒருத்திதான், "இவ்ளோ பேசறீங்களேக்கா, யூடியூப்ல பேசுங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள். அஃப்சர் சிரித்து மறந்துவிட்டார். கணவர் அப்துல் கய்யூம் மறக்கவில்லை. அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். வீணாய்க் கிடந்த இரும்புக் கம்பியை வளைத்து, போனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது வீடியோ வந்தது. விருந்துச் சமையல் எதுவும் கிடையாது. அன்றாடம் அந்த வீட்டில் என்ன வேகிறதோ அதுதான்: மீந்த சோற்றில் செய்யும் அடை, முருங்கைக்காய் போட்ட கீமா, தக்காளிச் சோறு, குக்கரில் சுடும் கேக். மூன்று வருஷத்தில் எட்டாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். "பாருங்க, இந்த மாதிரி வரணும், இந்தக் கலர் வந்தா எறக்கிடுங்க" என்று அஃப்சர் கரண்டியைத் தூக்கிக் காட்டும் அழகுக்கே ரசிகர்கள் இருந்தார்கள்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வீடியோவில் அஃப்சர் சொல்லியிருந்த போன் எண்ணுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"நமஸ்காரம். மந்தைவெளிலேர்ந்து ஹம்சா பேசறேன். குஸ்காவுக்கு வெங்காயம் வறுக்கறேளே, அந்த வீடியோவை நாலு தடவை கேட்டுட்டேன். 'இதோ இந்தக் கலர்'ங்கறேள். எனக்குக் கண் தெரியாது. அந்தக் கலர் வரச்சே வெங்காயம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? அவசரமில்லை. சௌகரியப்படறப்போ சொன்னாப் போதும்."

அஃப்சர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அதை மறுபடி கேட்டார். பதில் சொல்ல போனை வாய்க்கருகே கொண்டுபோனார். "பொன்னிறமா வந்ததும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அழித்துவிட்டு, "செவந்து வரும்போது..." என்றார். அதையும் அழித்தார். இருபத்து இரண்டு வருஷமாகத் தினமும் வெங்காயம் வறுக்கிறவருக்கு, வெங்காயம் வறுபடுவதைப் பற்றிச் சொல்ல நிறத்தைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலை தன் வீடியோக்களைப் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்டார். ஒன்பது நிமிஷ வீடியோ ஒன்றில் 'இந்த மாதிரி', 'இவ்ளோ', 'அப்டியே இப்டி' என்று முப்பது தடவைக்கு மேல் சொல்லியிருந்தார். இடையிடையே எண்ணெய் சத்தம். அதைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பேச்சையா அந்த அம்மாள் நாலு தடவை கேட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு முகம் சூடாகிவிட்டது.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்த கய்யூம், சமையலறை வாசலில் நின்றுவிட்டார். மனைவி துப்பட்டாவால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். வீடெல்லாம் கருகல் வாடை.

"இன்னா அஃப்சர் இது? கண்ணக் கட்டிக்கினு அடுப்பாண்ட நிக்கிற?"

"கம்முனு இருங்க. சத்தம் கேட்டுக்கினு கீறேன்."

"இன்னா சத்தம்?"

"வெங்காயம்."

கய்யூம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏற்கெனவே இரண்டு ஈடு கரியாகித் தட்டில் கிடந்தது. மனைவியின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது. மூன்றாவது ஈட்டில் அஃப்சர் திடீரென்று, "இப்போ!" என்று கத்தி அடுப்பை அணைத்து, துப்பட்டாவை அவிழ்த்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எண்ணெயின் சூட்டில், அது நிறம் ஏறி நின்றது.

அன்று அவர் அனுப்பிய பதில் பதினொரு நிமிஷம் ஓடியது. "மொதல்ல சோன்னு மழ பெய்யற மாதிரி பெருசா கேக்கும். அது வெங்காயத்துல இருக்கற தண்ணி. கொஞ்ச நேரத்துல சத்தம் கொறஞ்சுக்கினே வரும். கரண்டி மொதல்ல கனமா, ஈரமா இழுக்கும். அப்பறம் லேசாயிடும். வெங்காயம் ஒண்ணோட ஒண்ணு உரசறது காஞ்ச எலை மாதிரி கேக்கும். பச்ச வாட போயி, இனிப்பா ஒரு வாசன வரும். அந்த நிமிஷம் அணைச்சுடுங்க. கசப்பு வாட வர்ற வரிக்கும் நிக்காதீங்க."

இரண்டு நாள் கழித்து ஹம்சா போனில் அழைத்தார். "கருகிடுத்து," என்றார் சிரித்துக்கொண்டே. "சத்தமெல்லாம் நீங்க சொன்னபடியே கேட்டுது. ஆனா ஒரே வேகமா வந்து போயிடுத்து. தீ ஜாஸ்தியா இருந்துருக்கும் போலருக்கு. அது சிம்ல இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியறதில்லை."

"நா வரட்டுமா உங்க வூட்டுக்கு?" என்று கேட்டுவிட்டார் அஃப்சர். கேட்ட பிறகுதான், முன்பின் பார்க்காத ஒருவரிடம் கேட்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்கோ," என்றார் ஹம்சா.

கய்யூமும் கூட வந்தார். மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுப் போனார்கள். தரைத்தளத்தில் சின்ன வீடு. ஹம்சாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்புகளைக் கவனிக்கும் வேலை. பதினாறு வயதில் மங்கத் தொடங்கிய பார்வை இருபதில் முழுக்கப் போய்விட்டது. தனியாக ஆபீஸ் போவார், பரீட்சைகள் எழுதிப் பதவி உயர்வு வாங்கினார், மார்கழியில் சபா சபாவாகக் கச்சேரி கேட்பார். அம்மா இருந்தவரை அடுப்புப் பக்கம் மட்டும் போனதில்லை.

"அம்மா விடமாட்டா. 'கையைச் சுட்டுண்டுடுவே'ம்பா. நாப்பத்தாறு வயசு வரைக்கும் தட்டுல போட்டுக் குடுத்ததைத்தான் சாப்பிட்டேன். அம்மா போய் ரெண்டு வருஷமாறது. மெஸ் சாப்பாடு. ருசியெல்லாம் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்குப் பசிக்கறப்போ வராது, அது வரப்போ எனக்குப் பசிக்காது."

அஃப்சர் சமையலறை வாசலிலேயே நின்றார். அந்த வீட்டு அடுப்படிக்குள் தான் போகலாமா என்று தயக்கம். ஹம்சா உள்ளேயிருந்து, "அங்கேயே நின்னுண்டா எனக்கு எப்படிச் சொல்லித் தருவேள்? உள்ளே வாங்கோ," என்றார்.

அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் எண்ணெய் ஊற்றியாயிற்று. ஹம்சா வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். வாணலியின் விளிம்புக்கு இரண்டு அங்குலத்தில் விரல்கள் வந்ததும், அஃப்சர் பதறி அந்தக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "குடுங்க, நா போடறேன்" என்று வெங்காயத்தை வாங்கிக்கொண்டார்.

ஹம்சா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "எங்கம்மாவும் இப்படித்தான் வாங்கிப்பா," என்றார்.

அஃப்சர் வெங்காயத்தை ஹம்சாவின் கையில் திருப்பி வைத்தார். இரண்டு அடி தள்ளிப்போய், தன் கைகள் மறுபடி தானாக நீண்டுவிடாதபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த இருபது நிமிஷமும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. வாயால் மட்டும் சொன்னார்.

"அங்க கொஞ்சம் தள்ளி..."

"அங்கன்னா எங்க? கடிகாரம் மாதிரி சொல்லுங்கோ. நான் ஆறுமணிப் பக்கம் நிக்கறேன்."

"மூணுமணிப் பக்கம் வெங்காயம் கூடிக்கினு கீது. கலைச்சு விடுங்க."

"ஆங், இப்போ புரியறது."

இதற்குள் கய்யூம் அடுப்பின் திருகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் முடிந்து அடுப்பு ஆறியதும், திருகைக் கழற்றி, பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தார். சிம்மில் நிற்கும் இடத்தில் ஒரு வெட்டு, நடுத்தீக்கு இரண்டு வெட்டு, பெருந்தீக்கு மூன்று. மாட்டிக் கொடுத்ததும் ஹம்சா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திருப்பினார். மறுபடி தடவினார்.

"இதுக்கா ரெண்டு வருஷம் மெஸ்ல சாப்பிட்டேன்!" என்றார்.

அன்று வறுத்த வெங்காயம் குஸ்காவுக்கு மிஞ்சவில்லை. மூன்று பேரும் நின்றபடியே கொறித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அஃப்சரின் வீடியோக்கள் மாறிப்போயின. 'இவ்ளோ' போய், 'டீ கிளாஸ்ல முக்கா' வந்தது. ஒவ்வொரு பதத்துக்கும் சத்தம், வாசனை, கரண்டியில் தெரியும் கனம் எல்லாம் சொன்னார். ஆறு நிமிஷ வீடியோ பதினெட்டு நிமிஷம் ஆனது. பார்த்துப் பழகியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'ரொம்பப் பேச்சு', 'கண் இருக்கு, காட்டினாலே போதும்' என்றெல்லாம் எழுதினார்கள். முன்னே ஆறாயிரம் பேர் பார்த்த இடத்தில் இரண்டாயிரம் தேறவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு கய்யூமே கேட்டார்.

"அந்தம்மாவுக்குத் தனியா அனுப்பிடு. இதுல பழைய மாதிரியே போடேன். இன்னா சொல்ற?"

"கண்ணு தெரிஞ்சவங்களுக்குக் காட்ட ஊர்ல ஆயிரம் பேர் கீறாங்க. ஏங்க, நீங்களே சொல்லுங்க, அந்தம்மா ஒருத்திதான் இப்டி கேக்கறாங்கன்னு எப்டித் தெரியும்? வாயத் தொறந்து கேட்டது அவங்க ஒருத்தி."

அடுத்த ஞாயிறு கய்யூம் வழக்கம்போல போனை ஸ்டாண்டில் மாட்டினார்.

அஃப்சர் சொன்னது சரியாகப் போயிற்று. முதலில் அடையாற்றிலிருந்து கிச்சா என்பவர் பேசினார். சர்க்கரை வியாதியில் பார்வை இழந்த, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிறகு தி. நகரில் ஒரு ஹாஸ்டலிலிருந்து ஷகீலா என்ற டீச்சர். மதுரையிலிருந்து ஒருவர், ஈரோட்டிலிருந்து தம்பதியாக இருவர். பார்வையுள்ள ஒரு லாரி டிரைவர்கூட எழுதினார்: வண்டியில் போகும்போது கேட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் ஸ்டவ் பற்றவைத்து அப்படியே செய்கிறாராம். ஹம்சாதான் இவர்களை ஒரு குழுவாகச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் போனில் ஒரே அழைப்பில் வருவார்கள். அஃப்சர் சைதாப்பேட்டையில் சமைப்பார். அவர்கள் அவரவர் அடுப்பில் கூடவே சமைப்பார்கள். யாருடைய வாணலி எந்தச் சத்தம் போடுகிறது என்று கேட்டு, "மதுரை, உங்க தீ ஜாஸ்தி" என்று அஃப்சர் அதட்டுவார்.

கேக் செய்யப்போவதாகச் சொன்ன வாரம் பதினோரு பேர் வந்தார்கள். முட்டை போடாத ரவா கேக். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, நாற்பது நிமிஷம். வெந்துவிட்டதா என்று பார்க்க, குச்சியைக் குத்தி எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டக்கூடாது என்றார் அஃப்சர். குத்திக் குத்தி கிச்சா சாரின் கேக் சல்லடையாகிவிட்டது.

அப்போது ஹம்சா குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம். இது ஏதோ பேசிண்டிருக்கு."

"எது?"

"கேக். மூடியைத் தொறந்ததும் ஒரு முழம் தள்ளிக் காதை வெச்சேன். உள்ளே பொரபொரன்னு சன்னமா சத்தம் வரது. குச்சில மாவு ஒட்டறச்சே அந்தச் சத்தம் இருக்கு."

அஃப்சர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் குக்கரின் மூடியைத் திறந்து குனிந்தார். ஆமாம், கேட்டது. மழை விட்ட பிறகு மண் தண்ணீர் குடிப்பதுபோல மெல்லிய சத்தம். எல்லோரையும் காத்திருக்கச் சொன்னார். ஏழெட்டு நிமிஷத்தில் ஹம்சா, "நின்னுடுத்து," என்றார். குச்சி சுத்தமாக வந்தது. ஒவ்வொருவராக, நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இருபது வருஷமாகக் கேக் சுட்டும் தன் காதில் இது விழவில்லையே என்று அஃப்சர் அந்தப் பதினோரு பேரிடமும் வெட்கப்படாமல் சொன்னார். அந்த வார வீடியோவில், 'இதைக் கண்டுபிடித்தவர் மந்தைவெளி ஹம்சா அக்கா' என்று முதல் வாக்கியமாகவே சொன்னார்.

அந்தக் கேக்கை ஹம்சா மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப்போனார். மத்தியானம் அஃப்சர் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எந்தக் கடைன்னு கேட்டா எல்லாரும். நான் பண்ணினதுன்னேன். மேனேஜர் நம்பலை. 'யார் ஒத்தாசை?'ன்னார். 'ஒருத்தரும் இல்லை. ரெசிபி மட்டும் சைதாப்பேட்டை'ன்னேன்."

அஃப்சருக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "டேஸ்ட்டு எப்டி இருந்துச்சாம்?" என்று கேட்டார்.

"நன்னா இருந்துது. ஆனா சர்க்கரை போறலை. உங்க அளவுல கால் டம்ளர் கம்மியா இருக்கு."

"இன்னா பேசறீங்கக்கா? அதுக்கு மேல போட்டா தெவட்டிடும்."

"தெவட்டாது. ஆபீஸ்ல நாலு பேர் அதையே சொன்னா."

"அவங்க காபில நாலு ஸ்பூன் போட்டுக் குடிக்கறவங்களா இருப்பாங்க!"

கொக்கியும் ஊசியும் மடியிலேயே கிடக்க, அந்தக் கால் டம்ளர் சர்க்கரைக்காக இருவரும் அரைமணி நேரம் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள்.