கொறற்றி வாசலில் போட்ட கதிரை

ஒரு நாய் உங்களைப் பார்த்து உறுமினால், அதைக் குற்றவாளி ஆக்குமுன் உங்கள் கை என்ன செய்தது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா?

ஈழத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து, டுசல்டோர்ஃப் நகர மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த கொறற்றி பார்த்தாள். 1996இல் விலங்குக் காப்பகத்திலிருந்து அவள் கூட்டிவந்த பெனோ, கிரேக்க நாட்டுத் தெருவில் பிடிபட்ட நாய். வீட்டாரோடு ஒட்டிக்கொண்டது. மேல்மாடி ஜெர்மன் அம்மா வந்தால் வாலாட்டியது. தமிழர் வந்தால் மட்டும் உறுமிக்கொண்டே சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தது.

"இதுவும் எங்கட அசூல் அகதி மனுவை நிராகரிச்சிட்டுது!" என்று குடும்ப நண்பர் ஜேசுரட்ணம் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணூறு, நாவூறு என்றாள் ஒருத்தி. தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள் இன்னொருத்தி. பட்டம் சூட்ட இத்தனை பேர்; அது ஏன் நடுங்குகிறது என்று கேட்க ஒருவருமில்லை! கணவன் அல்பேர்ட் முடிவாகச் சொன்னான்: "ஞாயிறு சேர்ச்சில பிள்ளைக்கு முதல்நன்மை, வீட்டில விருந்து. அண்டைக்கும் உறுமினா, திங்கள் கொண்டுபோய்த் திருப்பி விட்டிடுவன்."

விசாரணை இல்லாத தீர்ப்பு கொறற்றிக்கு ஆகாது. சனிக்கிழமை ஜேசுரட்ணம் விருந்துக்குப் பாத்திரம் கொண்டுவந்தபோது அவள் நாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது; வால் ஆடியது. சப்பாத்து நாடாவை அவிழ்க்க அவர் குனிந்தார், உறுமல்.

"அண்ணை, நிமிருங்கோ!"

உறுமல் நின்றது.

"திரும்பக் குனியுங்கோ."

"என்ன பிள்ளை, எனக்குத் தேகப்பயிற்சியோ?"

மறுபடி உறுமல். கொறற்றி கைதட்டிச் சிரித்தாள். "ஊரில நாயைக் கலைக்க என்ன செய்வம், அண்ணை?"

"கல்லெடுக்கக் குனிவம். கல் இல்லாட்டியும்…" ஜேசுரட்ணம் தன் கையையே பார்த்தார். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும் விருந்தாளிகள் தமிழர்தான்; மேல்மாடி அம்மா ஒருநாளும் கழற்றியதில்லை!

ஞாயிறன்று வாசலுக்கு வெளியே, உட்கார ஒரு கதிரை. காவலுக்கு நின்ற ஜேசுரட்ணம் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: "கதவைச் சாத்திப்போட்டு, இருந்து கழட்டுங்கோ! பிறகு நிமிர்ந்து வாங்கோ. உள்ள போய் நாயைப் பாக்காதேங்கோ, தடவாதேங்கோ. அது தானா வரும்."

வந்தது. மேசைக்கடியில் ஊர்ந்து, விருந்து பாதியில் ஜேசுரட்ணத்தின் காலுறைமேல் தலைவைத்துப் படுத்தது. அவர் மூச்சுவிடவும் பயந்து, ஆனந்தமாக அசையாமல் இருந்தார்.

அல்பேர்ட் ஓர் இறைச்சித் துண்டை மேசைக்கடியில் நீட்டினான். "திங்கள் எனக்கு வேற வேலை இருக்கு" என்றான்.

அடுத்தமுறை ஒரு நாய் உங்களைப் பார்த்து உறுமும்போது கல்லுக்குக் குனியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அது எதைக் கண்டு பயந்தது என்று தேடுங்கள்.