ஓநாயும் மரக்காளானும்

எனக்கு ஓநாய், மனைவிக்குக் காளான். வலியசாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் போகும். நான் விலங்கியல் வாத்தியார். விடுமுறை விட்டால் திருநெல்வேலிப் பொட்டல்களில் ஓநாய் தேடி அலைகிறவன். அவள் மரங்களைத் தின்னும் பூஞ்சைகளை ஆராய்கிறவள். எது கொடியது என்று ஓயாத சண்டை. ஓநாய் நொண்டி ஆட்டைக் குறிவைக்கும், பூஞ்சை கிளை ஒடிந்த காயத்தில் நுழையும், இரண்டுக்கும் புத்தி ஒன்றுதான் என்பேன் நான்.

"ஓநாய் வந்தா நாயாவது குரைக்கும். இது வந்தா யார் குரைப்பா?" என்பாள் அவள்.

போன மழைக்காலத்தில் எங்கள் கொல்லை மாமரத்தின் அடியில் தட்டு மாதிரி ஒரு காளான் தள்ளிக்கொண்டு வந்தது. அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று என் அம்மா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். மனைவி அம்மிக் குழவியால் அடிமரத்தைத் தட்டினாள். வெறும் பானையின் சத்தம். மேலே இலையெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. மரம் சாய்ந்திருந்தது அம்மா படுக்கும் பின்கட்டு அறைப் பக்கம்.

"வெட்டிடலாம்மா," என்றேன்.

"கர்க்கடகத்துல மரத்துமேல கை வைப்பாளோ? மாசம் முடியட்டும்."

கர்க்கடகத்தில், அதாவது மலையாளக் கணக்கின் ஆடி மாதத்தில், எங்கள் தெருவில் ஒரு காரியமும் தொடங்க மாட்டார்கள். மழைக்கு ஏது பஞ்சாங்கம்? அது கொட்டித் தீர்த்தது. அறையையாவது மாற்றிக்கொள் என்று கெஞ்சினேன். அம்மனை விட்டு நகரமாட்டேன் என்றாள். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன.

ஒரு மத்தியானம் காற்று திரும்பியது. "வேர்ப்பக்கம் மண்ணு தூக்கறது, சீக்கிரம் வாங்கோ," என்று மனைவி கொல்லையிலிருந்து கத்தினாள். நான் அம்மாவின் அறை வாசலில் நின்று, மரத்தை உள்ளுக்குள் அரித்துத் தின்னும் பூஞ்சையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன்.

அம்மா கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். "ஏண்டா, கொல்லைல ஓநாய் நிக்கறதுன்னா இப்படி நின்னு பாடம் எடுத்துண்டிருப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினேன். மனைவி வந்து கால்களைப் பிடித்துக்கொண்டாள். மூட்டு வலிக்கிறது, விடு விடு என்று அம்மா திமிறினாள். கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் பின்னால் மரம் விழுந்தது. ஓடும் உத்தரமும் அந்தக் கட்டில்மேல் கிடந்தன.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மருமகள் ஓடி வந்தாள். அவர்கள் கொல்லைப் பலாவிலும் காளான் உண்டு. அம்மாவைப் பார்த்து அவளும் அந்தக் காளானுக்குக் குங்குமம் வைத்துவந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு வெட்டிடுடி. கர்க்கடகம்னு நான் சொன்னதைக் கேக்காதே."