அவள் இல்லாமல் பண்டாரவளைக்கு

"கணக்குல நீ என்னையவிட மட்டம்டி. ஒனக்கு எப்புடிக் குடுத்தாங்க?"

என் கூட்டாளி இதைக் கேட்டபோது எங்கள் இருவருக்கும் பதினாறு வயது. மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பாதி சிரிப்பும் பாதி கேள்வியுமாகத்தான் கேட்டாள். வசதியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளை, பல்கலைக்கழகத்துக்கு முந்தின உயர்தரம் படிக்கவைக்கும் ஓர் உதவித்தொகைத் திட்டத்துக்கு, அந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து தேர்வானவள் நான் ஒருத்திதான். அவள் கேட்டதில் தப்பில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு அவளுக்கு ஏ, எனக்கு சி.

எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. அம்மாவும் அப்பாவும் சம்பள நாளில் விரல் வைக்கிறவர்கள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை போய், இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். ஆனால் யாராவது என்னைப் பாராட்டும்போது, பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாளா என்று என்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் நிற்பதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த லயத்து அறைகளில் எங்கள் வீடு மூன்றாவது காம்பரா, அவள் வீடு ஏழாவது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. உதவித்தொகை விண்ணப்பத்தையும் சேர்ந்துதான் நிரப்பினோம். அதாவது, அவள் நிரப்பினாள், நான் பார்த்து எழுதினேன்.

லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வரும். மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போதே கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கடிதத்தையும் கொடுப்பார். நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் அம்மாவின் கைக்கு அப்படித்தான் வந்தது. அம்மா அதை மடியில் செருகிக்கொண்டே கொழுந்து பறித்திருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

"ஆபீஸ் கடுதாசி. தலைவர்கிட்ட குடுக்கவா?"

"ஏம்மா, நான் படிக்க மாட்டேனா?"

"அப்ப நீயே பிரி. கிழிச்சுப்புடாத."

தலைவர் என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். டைப் அடித்த உறை எது வந்தாலும் பிரிக்காமல் அவரிடம் கொண்டுபோவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே என்ன வம்பு இருக்குமோ என்ற பயம். அன்று அம்மா ஏனோ பயப்படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பண்டாரவளையில் நேர்முகம் என்று போட்டிருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஏழாவது காம்பராவுக்கு ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தபால் ஏதும் வந்துச்சாடி?"

"எங்களுக்கு எவ தபால் போடப் போறா? வெளிநாட்டுல மாமியாரா இருக்கு?"

அவளுக்குக் கிடைக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சொன்னால் மனசு நோகும் என்று சொல்லாமல் திரும்பினேன்.

அப்படித்தான் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்பி நடக்கும்போது என் கால் தரையில் படவில்லை. முதல் தடவையாக ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு முன்னால் நின்றேன். "கண்ணு பட்டுரும், யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்று அம்மாவின் வாயையும் கட்டிப்போட்டேன். வியாழக்கிழமை மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

அவளுக்கும் கடிதம் வந்திருந்தது. எனக்கு வந்த மறுநாளே வந்திருந்தது. பெரட்டில் வாங்கியவர் அவளுடைய அப்பா. மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, எங்கள் மேட்டு லயமும் ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். புது வீடு வரும் என்று ஒவ்வொரு குடும்பமும் காத்திருந்த காலம். அவர் அதை வீட்டுக் கடிதம் என்று நம்பிவிட்டார். நிச்சயமாகத் தெரியாமல் பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது என்று, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே தலைவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் சங்க வேலையாக அட்டன் போனவர் ஒரு வாரமாகியும் திரும்பவில்லை.

நேர்முகம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை வந்து உறையைப் பிரித்த தலைவர், செருப்புக்கூடப் போடாமல் எங்கள் லயத்துக்கு ஓடி வந்தார். கடிதத்திலிருந்த இலக்கத்துக்கு அவரே போன் போட்டுக் கெஞ்சினார். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் விண்ணப்பிக்கட்டும் என்றார்கள்.

"வீட்டுக் கடுதாசின்னு நெனச்சேன் தாயி" என்று அவள் அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வுடுங்கப்பா. வீடு வந்தா ஒக்காந்து படிச்சுக்கிறேன்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "நேத்து மாமா வீட்டுக்கா போன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த உறை தலைவர் வீட்டு அலமாரியிலிருந்து நேர்முகத்துக்கு முன்னமே வெளியே வந்திருக்கும்.

உயர்தர வகுப்பு டவுனில்தான் இருந்தது. தினமும் பஸ்ஸுக்கும், புத்தகத்துக்கும், டியூசனுக்கும் அவர்கள் வீட்டில் வழியில்லை. அடுத்த வருடம் என்ற பேச்சு மூன்று மாதத்தில் அடங்கிப்போனது. கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு ஆள் கேட்டார்கள். போனாள். ஏழாவது காம்பராவைத் தாண்டாமல் பீலிக்குப் போக முடியாது. நான் தண்ணீர் எடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தேன். வாசல் எந்த நேரமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வழிகாட்ட ஓர் அக்கா. என்னுடைய அக்கா பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், பார்மசியில் வேலை, என்னைவிட ஏழு வயது மூத்தவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் கடைக்கு மேல்மாடியில் சந்திப்போம். முதல் சில மாதங்கள் நான் வாயே திறக்கவில்லை.

"என்ன புள்ள, நாக்க தோட்டத்திலயே வெச்சிட்டு வந்தியா?" என்பார். மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கித் தருவார். விண்ணப்பம் எழுத, பெரியவர்களிடம் நிமிர்ந்து பேச, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அங்கேதான் பழகினேன். அளவையியல் என்ற தர்க்கப் பாடம் மட்டும் தலையில் ஏறவே இல்லை. ஒவ்வொரு கணக்கிலும், அவள் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு என்னைக் கிண்டல் செய்வாளே என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பேன். பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்த முதல் நாளும், பட்டம் வாங்கிய அன்றும், நினைப்பு அவளிடம்தான் ஓடியது. தீபாவளிக்கு வருவாள். கொழும்புக்குப் பக்கத்தில் ஜா-எலயில் கார்மெண்ட் தொழிற்சாலைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். சீலை நல்லாருக்கு, மெலிஞ்சு போயிட்ட என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

திட்டத்தில் படித்து முடித்தவள் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும். என் முறை வந்தபோது, என் கூட்டாளியையே தருவீர்களா என்று கேட்டேன். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். பசறைப் பக்கம் ஒரு பிள்ளையைத் தந்தார்கள். அந்தப் பிள்ளையை மனதார ஏற்றுக்கொண்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே அக்காவின் பார்மசிக்குப் போய், பண்டாரவளை விஷயத்தை முதல் தடவையாகச் சொல்லி அழுதேன்.

அக்கா சமாதானம் சொல்லவில்லை. "இத ஏன் எனக்கிட்ட செல்ற? அவகிட்ட செல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் நீட்டிய துண்டுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்ததையும், நினைத்துச் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். தையல் மெசின் சத்தம் இல்லாத அவளுடைய ஒரே நாள் அது.

"எனக்கு அப்பவே தெரியும்டி லூசு. ஒம் மூஞ்சி சும்மாவா இருந்துச்சு?"

"கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. ரெண்டு வருசம் இருந்துச்சு. அப்பறம் ஓவர்டைம் போட்டாங்க, கோவப்பட நேரமில்ல."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் நிறுத்தினாள். பிறகு, பாடசாலைக்குப் போகாமலே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம், வயசு பார்க்க மாட்டார்கள் என்றேன்.

"இந்த வயசுலயா? புள்ளைங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"போன்ல டீச்சர் வேலை பாக்காத. எனக்குத் தூக்கம் வந்துரும். நேர்ல வர்றதுன்னா சொல்லு."

அவள் அதை என்னைத் தட்டிக்கழிக்கச் சொன்னாளா, கூப்பிட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பதுளையில் கொழும்பு பஸ் ஏறினேன். ஜா-எலயில் அவளுடைய போர்டிங் அறைக் கட்டிலில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். முதல் பாடமாக அளவையியலை அவளே எழுதினாள். அவளிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன்.